தர்மாவுக்கு அடித்த பேனர்

மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங் முச்சந்தியில், கடலை வறுக்கும் கடைகளுக்கு எதிரே, தர்மாவுக்காகப் பேனர் கட்டியது அவனுடைய பெரியப்பா மகன் மகேந்திரன்தான். ஊரே அதை அண்ணாந்து பார்த்து, பங்காளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வாயாரச் சொன்னது. என்ன பெரிய மனசு என்றார்கள். மனசுக்கும் அந்தப் பேனருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது முழுக்க முழுக்க வயிற்றெரிச்சலில் பிறந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் ஊரைப் போலவே ஏமாந்துவிடுவீர்கள்.

மகேந்திரனின் அப்பாவும் தர்மாவின் அப்பாவும் அண்ணன் தம்பிகள். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லயத்து வீட்டில் இருந்தவர்கள். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, இரண்டு குடும்பமும் ஒரே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு புந்தோங்குக்கு வந்து சேர்ந்தன. மகேந்திரன் மூத்தவன். தர்மா அவனுக்கு நாலைந்து வயது இளையவன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில், கொஞ்ச நாளைக்கு ஒரே சைக்கிள். அதனால்தான் வந்தது வினை.

மகேந்திரன் பொதுவாகப் பொறாமைக்காரன் இல்லை. எதிர் வீட்டுக்காரன் பெரிய கார் வாங்கி வாசலை அடைத்து நிறுத்தியபோதுகூட, ‘நல்லா இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை வளைத்து ஓட்டிக்கொண்டு போனவன். ஆனால் தர்மா ஒரு புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் இவனுக்குக் கால் கூசும். தர்மாவின் வீட்டில் ரசம் வாசனை அடித்தால் இவன் வீட்டுக் கோழிக்கறி ருசிக்காது. இதற்குத் தமிழில் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். இதற்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து தருவதில்லை.

இருவரும் ஒரே சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம்தான் வேலை பார்த்தார்கள். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் ஏர்கோன், குளிர் அறை எல்லாம் பழுது பார்க்கும் வேலை. சனி ஞாயிறுகளில் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்கும் சேர்ந்தே போனார்கள். மகேந்திரன் முடித்தான். தர்மா முடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேப்பர் விழுந்துவிட்டது. அதைத் திரும்ப எழுதுவதற்குள் அவன் அப்பா படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவன், அவர் போன பிறகு கல்லூரிப் பக்கமே போகவில்லை. முடிவு வந்த அன்று மகேந்திரனின் தோளில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மகேந்திரன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். தட்டிக்கொடுத்த கைக்கு உள்ளுக்குள்ளே எவ்வளவு இதமாக இருந்தது என்பதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அந்த டிப்ளோமாதான் மகேந்திரனுக்கு ஏணி. எல்லாவற்றிலும் தர்மா முன்னே பின்னே வரலாம், இந்த ஒன்றில் மட்டும் அவன் ஒரு படி கீழே. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, அங்கியும் தொப்பியும் போட்ட படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தான்.

ஜெலாப்பாங் பக்கம் மீனையும் இறாலையும் உறைய வைத்து விற்கும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை காலி என்று முதலில் கண்டதும் மகேந்திரன்தான். குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டிப்ளோமா வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தச் சேதியைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் கதையே இல்லை. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தேநீர் குடிக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“நான் போடப் போறேன்டா. ஒனக்கும் சொல்லலாம்னுதான் பாத்தேன். ஆனா டிப்ளோமா கேக்குறானுங்களே, என்னா செய்றது.”

“தாப்பா லா, பரவால்ல அண்ணே. நானும் சும்மா போட்டுப் பாக்குறேன். கூப்டா போலாம், கூப்டலன்னா போச்சு,” என்றான் தர்மா.

மகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், ஆசைப்படுகிறான், போடட்டும் என்று அவனுக்கு ஒரு ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தான். டிப்ளோமாவைப் போட்டான். அனுபவம் என்ற இடத்தில், தொழில்நுட்பர் என்று எழுதியவன் அதை அடித்துவிட்டு, ஐந்து வருடம் சூப்பர்வைசர் என்று மாற்றினான். தவுக்கே இல்லாத நேரத்தில் இரண்டு வங்காளதேசத்து ஆட்களை அதட்டி வேலை வாங்கியவன் சூப்பர்வைசர் இல்லாமல் வேறு யார் என்பது அவன் நியாயம். “எல்லாரும் கொஞ்சம் ஏத்தித்தான் போடுவாங்க, போடுங்க,” என்றாள் புஷ்பலதா. பெண்டாட்டி சொன்ன பிறகு அது பொய்க் கணக்கில் வராது என்று அவனும் விட்டுவிட்டான்.

இருவரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மகேந்திரனுக்கு அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. தர்மாவுக்கு வேலை கிடைத்தது.

தர்மா ஒரு டப்பா லட்டோடு வந்து நின்றான். “அண்ணே, நீங்க சொல்லித்தாண்ணே எனக்குத் தெரியும். நீங்க சொல்லலன்னா நான் போட்டிருக்கவே மாட்டேன்,” என்று கையைப் பிடித்துக்கொண்டான். மகேந்திரன் லட்டை வாயில் போட்டான். அது விழுங்கவும் இறங்கவில்லை, துப்பவும் வழியில்லை. “நல்லதுடா, ரொம்ப நல்லது,” என்று சொல்லி வைத்தான். தர்மா போன பிறகு அந்த டப்பாவை அலமாரி மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தள்ளிவிட்டான்.

“இவனுக்கு எப்படிங்க குடுத்தாங்க? இவன்தான் முடிக்கவே இல்லையே,” என்றாள் புஷ்பலதா.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். மகேந்திரனுக்கு அது திரியில் தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது. எப்படிக் கொடுத்தார்கள்? முடித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பான். வேறு எப்படி? அசல் டிப்ளோமாக்காரன் வெளியே நிற்க, போலி டிப்ளோமாக்காரன் உள்ளே போய்விட்டான்! தான் எழுதிய ஐந்து வருடம் அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. பொறாமைக்காரனுக்கு எதிராளியின் முதுகு தெரிகிற அளவுக்குத் தன் முதுகு தெரியாது.

அதன் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் மோட்டாரை எடுக்கும்போது தர்மா பக்கத்துச் சந்தில் புதுச் சட்டையில் போவதைப் பார்ப்பான். அவ்வளவுதான், அன்றைய பொழுது போச்சு. ஹோட்டல் கூரை மேல் வெயிலில் உட்கார்ந்து ஏர்கோனைக் கழற்றும்போது, இந்நேரம் அவன் குளிர் அறைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று நாலு பேருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருப்பான் என்று தோன்றும். ஸ்க்ரூவைத் திருகுவதற்குப் பதிலாக விரலைத் திருகிக்கொள்வான்.

கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. மொட்டைக் கடிதம் போடலாமா என்று யோசித்தான். தர்மாவுக்கு இரண்டு பேப்பர் விழுந்தது சொந்தத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். கடிதம் போனால் தன் பெயர் அதில் எழுதாமலே எழுதியிருக்கும். சித்தி முகத்தில் விழிக்க முடியாது. யாரும் தன்னைச் சந்தேகப்படக் கூடாது, ஆனால் கம்பெனி கண்ணில் உண்மை பட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தான்.

வழி அவனுக்கு முச்சந்தியில் கிடைத்தது. யாருடைய மகளோ டாக்டர் ஆனதற்கு வாழ்த்துப் பேனர் கட்டியிருந்தார்கள். இது நம் ஊர் வழக்கம்தானே. பரீட்சையில் தேறினாலும் பேனர், பதவி கிடைத்தாலும் பேனர், கோயில் கமிட்டியில் பொருளாளர் ஆனாலும் பேனர். மகேந்திரன் சிவப்பு விளக்கில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவன் நேரே சீனியின் பேனர் கடைக்கு வண்டியைத் திருப்பினான்.

அவமானப்படுத்தினால்தானே பங்காளி வேலை என்பார்கள். புகழ்ந்தால் யார் என்ன சொல்ல முடியும்? தர்மா டிப்ளோமா வாங்கியவன் என்று ஊரறியப் போட்டு, கம்பெனி பெயரையும் போட்டு, ஃபேஸ்புக்கிலும் ஏற்றிவிட்டால், கல்லூரியில் கூடப் படித்த எவனாவது ஒருத்தன், ‘இவன் எப்போது முடித்தான்?’ என்று கேட்காமலா போவான்? கேட்டால் அது கம்பெனி காதுக்குப் போகாமலா இருக்கும்? அடிப்பது யாரோ, பழி யாருக்கோ. தான் பாசக்கார அண்ணனாகவே இருந்துகொள்ளலாம்.

சீனி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தர்மாவின் படத்தை ஏற்றினான். “அண்ணே, சட்டையோட போட்டா எடுப்பா இருக்காது லா. எங்கிட்ட அங்கி, தொப்பி எல்லாம் ரெடியா இருக்கு. தலைய மட்டும் வெட்டி ஒட்டிருவேன். போடவா?”

மகேந்திரன் ஒரு நிமிடம் தயங்கினான். தன் வீட்டில் மாட்டியிருக்கும் படம் கண்ணில் வந்தது. தான் நாலு வருடம் சனி ஞாயிறு பார்க்காமல் உழைத்துப் போட்ட தொப்பியை இவன் ஒரு மௌஸைத் தட்டி தர்மா தலையில் வைக்கப் போகிறான். எரிந்தது. மூக்கை அறுத்துக்கொண்டாவது சகுனத்தடை செய்வது என்று தீர்மானித்த பிறகு மூக்கைப் பார்த்தால் ஆகுமா?

“போடு,” என்றான்.

“கீழ என்னா எழுதணும்?”

“டிப்ளோமா பட்டதாரி தர்மான்னு பெருசா போடு. கம்பெனி பேரையும் போடு. சூப்பர்வைசர் பதவி ஏற்கும்னு போடு. வாழ்த்தும் அண்ணன் மகேந்திரன் குடும்பத்தார்.”

“ஒங்க மாதிரி அண்ணன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்,” என்றான் சீனி. மகேந்திரன் முன்பணத்தை எண்ணி மேசை மேல் வைத்தான்.

பேனர் ஏறியது. அதன் பிறகுதான் மகேந்திரனுக்குத் தண்டனை ஆரம்பமாயிற்று. போகிற இடமெல்லாம் பாராட்டு. கோயிலில் அர்ச்சகர் பாராட்டினார். கடலை விற்கிறவர் கூப்பிட்டு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். தர்மாவின் அம்மா இருளாயி, மகேந்திரனுக்குச் சித்தி, பேனருக்குக் கீழே நின்று போகிற வருகிறவர்களிடம், “எம் மவன்தான். இது பெரியவன் கட்டுனது,” என்று காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து மகேந்திரனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“ஒங்கப்பனும் எம்புருசனும் இருந்து பாக்கலயேடா சாமி. அண்ணந்தம்பி இப்படி ஒத்துமையா இருக்குறத பாக்கக் குடுத்து வெக்கலயே.”

மகேந்திரன் முள் மேல் உட்கார்ந்தவன் போல நெளிந்தான். அதே நேரம், அந்தப் பேச்சிலும்கூட தர்மாதான் மாப்பிள்ளை, தான் பந்தக்கால் என்று ஒரு எரிச்சல் ஓடிக்கொண்டே இருந்தது.

தர்மா அப்போது ஊரில் இல்லை. கம்பெனி அவனைப் பயிற்சிக்கு லூமுட்டில் உள்ள தங்கள் மீன் கிடங்குக்கு அனுப்பியிருந்தது. ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு அங்கிருந்து கூப்பிட்டான்.

“அண்ணே, ரொம்ப சந்தோசம்ணே. ஆனா டிப்ளோமான்னு போட்ருக்கீங்களே. அங்கி வேற. அத மட்டும் எடுத்துருங்கண்ணே, ப்ளீஸ். சூசாவாப் போயிரும்.”

சூசாவாப் போகும் என்றால் சிரமமாகிவிடும் என்று அர்த்தம். பயந்துவிட்டான் என்று மகேந்திரன் உள்ளுக்குள் துள்ளினான். அப்படியானால் பொய் சொல்லித்தான் வேலை வாங்கியிருக்கிறான்! “அந்த சீனிப் பய தப்பா போட்டுட்டான்டா. நான் பாத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, ஒன்றும் பார்க்காமல் விட்டுவிட்டான்.

தர்மா திரும்பி வந்த அன்று சாயங்காலம் நேரே மகேந்திரன் வீட்டுக்குத்தான் வந்தான். முகம் வெளுத்திருந்தது. புஷ்பலதா கொடுத்த கோப்பியைத் தொடவில்லை.

“ஆபிஸ்ல கூப்ட்டுக் கேட்டாங்கண்ணே. எங்ககிட்ட மீன் வாங்குற பெரிய கடை ஒண்ணு, அவங்க ஆளு பேனர பாத்துட்டு, ஒங்க சூப்பர்வைசரோட டிப்ளோமா காப்பி குடுங்கன்னு கேட்டுருக்கான். மேனேஜருக்கு மானம் போச்சு. நாளைக்கு வரச் சொல்லிருக்காங்க. மூணு மாசம் பாத்துட்டுத்தான் நெரந்தரம் ஆக்குவாங்க. அதுக்குள்ள வேணாம்னா வேணாம்னு அனுப்பிருவாங்க.”

மகேந்திரன் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. கை தட்டலாம் போல இருந்தது. முகத்தைக் கஷ்டப்பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டான். “நீ ஏன்டா இல்லாதத இருக்குன்னு எழுதிப் போட்ட?” என்று கேட்டான். கேட்கும்போது குரல் இனித்தது.

தர்மா புரியாமல் பார்த்தான். “நான் எங்கண்ணே எழுதுனேன்? முடிக்கலன்னுதான் எழுதுனேன். ரெண்டு பேப்பர் விழுந்துச்சுன்னு நேர்காணல்லயும் சொன்னேன். மிஸ் லியோங்தான், மேனேஜரு, பரவால்ல, வேலைக்கு வா, ஒரு வருசத்துல அந்த ரெண்டையும் எழுதி முடிச்சிருன்னாங்க. அதுவர சம்பளம்கூட கம்மிதாண்ணே. இப்ப என்னான்னா, வெளிய பட்டதாரின்னு பேனர் போட்டுக்கிட்டுத் திரியிறேன்னு நெனைக்கிறாங்க.”

புஷ்பலதா சமையலறை வாசலில் நின்று புருஷனையே பார்த்தாள்.

தர்மா பொய் சொல்லி வேலை வாங்கியிருந்தால், மகேந்திரனின் பொறாமைக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும். அக்கிரமத்தைப் பார்த்துக் கொதித்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. இல்லை என்பதை இல்லை என்றே சொல்லிக்கூட அவன் ஜெயித்திருக்கிறான். இது முன்னைவிடப் பெரிய நெருப்பாக இருந்தது.

“நீங்க ஒரு தடவ வந்து சொல்லுங்கண்ணே. பேனர் போட்டது நீங்க, நான் சொல்லிப் போடலன்னு. அது போதும்,” என்றான் தர்மா.

மறுநாள் இருவரும் ஜெலாப்பாங்குக்குப் போனார்கள். தர்மாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டியிருந்தது மகேந்திரனுக்கு இன்னொரு கசப்பு. காவலர் ஒரு வருகையாளர் அட்டையைக் கொடுத்து கழுத்தில் மாட்டச் சொன்னார். தர்மாவின் கழுத்தில் அவன் படம் போட்ட அட்டை ஏற்கெனவே தொங்கியது.

மிஸ் லியோங் கண்ணாடி போட்ட, சின்ன உருவமுள்ள பெண். மலாயில்தான் பேசினார். மேசை மேல் கைத்தொலைபேசியில் அந்தப் பேனர் படம் திறந்திருந்தது. அங்கி, தொப்பி, தர்மாவின் சிரிப்பு. மகேந்திரனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

“நீங்களும் இந்த வேலைக்கு வந்தவர்தானே? ஐந்து வருடம் சூப்பர்வைசர் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தவுக்கேக்குப் போன் பண்ணினேன். அவரிடம் சூப்பர்வைசர் என்று ஒரு பதவியே கிடையாது என்று சொன்னார். உங்களிடம் டிப்ளோமா இருந்தது. அதைச் சொன்னாலே போதுமாக இருந்தது.”

மகேந்திரனுக்குக் காது மடல் கொதித்தது. தர்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்கிறான் என்பதுதான் பெரிய வேதனையாக இருந்தது. தர்மா தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவுகூட இவனுக்கு ஏளனமாகப் பட்டது.

“சரி, அது போகட்டும். இந்தப் பேனரை யார் போட்டது?”

“நான்தான்.”

“இவர் சொல்லியா?”

“இல்ல. இவனுக்குத் தெரியாது.”

“அப்படியானால் இவருக்கு டிப்ளோமா இருக்கிறது என்று நீங்கள் ஏன் போட்டீர்கள்?”

இங்கேதான் மகேந்திரன் மாட்டிக்கொண்டான். சீனி மேல் பழி போடலாம். ஆனால் வாழ்த்தும் அண்ணன் என்று கீழே தன் பெயர் இருக்கிறதே, பார்க்காமலா கட்டினாய் என்று கேட்டால்? உண்மையைச் சொல்வதென்றால், தெரிந்தே போட்டேன், இவன் மாட்டட்டும் என்று போட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்நியப் பெண்பிள்ளை முன்னால், தர்மாவின் முன்னால், அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

“முடிச்சிட்டான்னு நெனச்சேன் மிஸ். முடிச்சானா இல்லையான்னு எனக்குச் சரியாத் தெரியாது,” என்றான்.

தர்மா சட்டென்று திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை மகேந்திரனால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

மிஸ் லியோங் தர்மாவிடம் திரும்பினார். “உங்கள் அண்ணனுக்கே தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? எங்களிடம் முடிக்கவில்லை என்கிறீர்கள். வீட்டில் முடித்துவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறீர்களா? குளிர் அறையின் வெப்பநிலையை நீங்கள் எழுதி வைப்பதை நம்பித்தான் நான் சரக்கை வெளியே அனுப்ப வேண்டும். இடத்துக்கு ஏற்ற மாதிரி பேசுகிறவரை நான் எப்படி வைத்துக்கொள்வது?”

தர்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அண்ணனுக்கு எல்லாம் தெரியும், அவர் தோளில்தான் அழுதேன்’ என்றால் அவன் தப்பித்துவிடுவான். மகேந்திரன் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

தர்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “ஆமா மிஸ்,” என்றான். “வீட்டுல நான்தான் முடிச்சிட்டேன்னு சொல்லி வெச்சிருந்தேன். வெக்கமா இருந்துச்சு. அண்ணன் மேல தப்பு இல்ல.”

வேலைக்காக ஒரு பொய் சொல்லாதவன், அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரு பொய் சொல்லிவிட்டான்! வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டான்! கண்ணீர் வந்திருக்க வேண்டிய இடம் அது. சத்தியமாகச் சொல்கிறேன், மகேந்திரனுக்கு வந்தது கண்ணீர் அல்ல, அதே பழைய எரிச்சல்தான். வேலை தர்மாவுக்குக் கிடைத்தது. உண்மை பேசியவன் என்ற பெயரும் அவனுக்கே கிடைத்தது. இப்போது அண்ணனுக்காகப் பழி சுமந்தவன் என்ற பெயரையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறான். ஆயுசு பூராவும் இவன் முன்னால் தான் குனிந்தே நிற்க வேண்டும். அது மட்டும் முடியாது.

“பொய்!” என்று கத்திவிட்டான் மகேந்திரன்.

மிஸ் லியோங் நாற்காலியில் பின்வாங்கினார்.

“அவன் சொல்றது பொய் மிஸ். எனக்குத் தெரியும். ரெண்டு பேப்பர் விழுந்தது எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு எங்கிட்டதான் வந்து அழுதான். முடிக்கலன்னு தெரிஞ்சேதான் பேனர்ல போட்டேன். அங்கி போடச் சொன்னதும் நான்தான். லூமுட்ல இருந்து கூப்ட்டு எடுக்கச் சொன்னான், நான் எடுக்கல.”

“ஏன்?”

மலாயில் அதற்கு வார்த்தை அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அது வாயில் வர நேரம் பிடித்தது.

“பொறாம,” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு மலாயிலும் சொன்னான். “இந்த வேல எனக்குக் கெடைக்கணும்னு இருந்துச்சு. இவனுக்குக் கெடைச்சத என்னால பாக்க முடியல. பொய் சொல்லி வாங்கிட்டான்னு நெனச்சேன். மாட்டட்டும்னு போட்டேன்.”

பக்கத்து நாற்காலியில் தர்மா அசையாமல் இருந்தான்.

மிஸ் லியோங் கைத்தொலைபேசியை எடுத்துப் படத்தை மூடினார். பிறகு தர்மாவைப் பார்த்து, “நீங்கள் வேலைக்குப் போகலாம். அந்தக் கடைக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு முறை யாருக்காகவும் என்னிடம் இப்படிப் பொய் சொல்லாதீர்கள். சொந்த அண்ணனுக்காக என்றாலும் சரி,” என்றார். மகேந்திரனைப் பார்த்து, “பேனர் இன்றைக்கே இறங்க வேண்டும்,” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. உள்ளேயிருந்து மீன் வாடை வந்தது. தொழிற்சாலை கேட்டு வரைக்கும் இருவரும் நடந்தார்கள். தர்மா உள்ளே போக வேண்டும், மகேந்திரன் பஸ்ஸுக்குப் போக வேண்டும். காவலர் வருகையாளர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“எப்போ இருந்துண்ணே?” என்று கேட்டான் தர்மா. குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது போல இருந்தது.

“தெரியலடா. நீ நடக்கப் பழகுன காலத்துல இருந்துன்னு நெனைக்கிறேன்.”

“சித்தப்பா மகன்தானேண்ணே நான்.”

“அதனாலதான்டா.”

தர்மா தரையைப் பார்த்தான். ஒரு லாரி கேட்டுக்குள் நுழைய, இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். அது போன பிறகு தர்மா நிமிர்ந்தான்.

“இப்ப?”

இப்ப இல்லடா என்று சொல்ல மகேந்திரனுக்கு வாய் வரை வந்தது. அதைத்தான் தர்மாவும் எதிர்பார்த்தான். சொல்லியிருந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பான், இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், சாயங்காலம் மாமாக் கடைக்கும் போயிருப்பார்கள். ஆனால் இத்தனை நாளாக எழுதியது, பேசியது, ஒட்டியது என்று எல்லாம் பொய்யாகவே இருந்து அவனுக்குச் சலித்துப் போயிருந்தது.

“இப்பவும் இருக்குடா,” என்றான்.

தர்மா தலையை ஆட்டினான். சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை. “நேரமாச்சு, நான் வாரேண்ணே,” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தான். கம்பெனிச் சட்டையின் முதுகில் சூப்பர்வைசர் என்று மலாயில் போட்டிருந்தது. சட்டை அவன் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மகேந்திரன் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், ஆனாலும் அவன் கதவுக்குப் பின்னால் மறையும் வரை நின்று பார்த்தான்.